ஏறாத கண்ணாடியும் இறங்காத கண்ணாடியும்

கார் கண்ணாடி மக்கர் பண்ணுவதற்கு நல்ல நேரம் பார்த்து வைத்திருக்கும் போல. பம்பாய்ப் பக்கம் அது ஜூன் இரண்டாம் வாரம். ஏப்ரல், மே பூரா ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் தொடாமலேயே ஓட்டியிருப்போம். வெயிலில் ஓரத்து ரப்பரெல்லாம் காய்ந்து விறைத்திருக்கும், அதன் பள்ளத்தில் புழுதி உட்கார்ந்திருக்கும். முதல் மழை பெய்ததும் புழுதி சேறாகும். அன்றைக்குத்தான் நாமும் ரெண்டு மாசத்துக்கு அப்புறம் ஸ்விட்சை அமுக்குவோம்.

எங்கள் வண்டியில் அது வாஷி டோலில் நடந்தது. ஃபாஸ்டாக் வருவதற்கு முந்தைய காலம். (2024 அக்டோபரிலிருந்து அங்கே கார்களுக்கு டோலே கிடையாது.) காசு கொடுக்க டிரைவர் பக்கக் கண்ணாடியை இறக்கினேன், இறங்கியது. மேலே ஏற்ற அமுக்கினால் சத்தமே இல்லை. பின்னாடி லாரிக்காரன் ஹாரன், மேலே மழை, வலது தோள் முழுக்க நனைந்தபடி வீடு வந்து சேர்ந்தேன். பக்கத்து சீட்டில் வீட்டம்மா, "ஏங்க, என் பக்கம் ஏறி இறங்குதே, உங்க பக்கம் மட்டும் என்ன?" என்று தன் ஸ்விட்சை அமுக்கி அமுக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குள்தான் பாதி விடையே இருந்தது. அதற்கு வருகிறேன்.

மறுநாள் சர்வீஸ் சென்டர். கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "மோட்டார் போயிருக்கும் சார், மெஷினோட செட்டாத்தான் மாத்தணும், பார்ட் வர மூணு நாள்" என்று ஆறாயிரத்துச் சொச்சத்துக்கு எஸ்டிமேட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மூன்று நாள் பம்பாய் மழையில் திறந்த கண்ணாடியோடு வண்டியை எங்கே நிறுத்துவது? யோசித்துப் பார்த்து, துர்பே பக்கம் ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயதைத் தாண்டியவர், எல்லோரும் சாச்சா என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை. முதலில் கேள்விதான் கேட்டார். சத்தம் வருதா? மத்த மூணு கண்ணாடி எப்படி?

இந்த இரண்டு கேள்விக்கும் நீங்களே பதில் கண்டுபிடித்துவிட்டால், எந்த ஊரில் எந்த மெக்கானிக்கிடம் போனாலும் உங்களை அவ்வளவு லேசில் ஏமாற்ற முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கதவுக்குள் இருப்பது அப்படியொன்றும் பெரிய மாயமில்லை. ஒரு சின்ன மோட்டார். அது சுற்றினால் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ஒரு அமைப்பு. மெக்கானிக்குகள் இதை விண்டோ மெஷின் என்பார்கள். சில வண்டியில் கத்தரிக்கோல் மாதிரி இரும்புக் கைகள், நிறைய வண்டியில் மெல்லிய கம்பி வடமும் கப்பியும், நம்மூர்க் கிணற்று ராட்டினம் மாதிரி. கண்ணாடியின் இரு ஓரமும் ரப்பர் சேனலுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். அவ்வளவுதான்.

ஸ்விட்சை அமுக்கினால் மோட்டார் "உய்ங்" என்று ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் கரண்ட் நன்றாக இருக்கிறது, மெஷின்தான் போச்சு. வடம் அறுந்திருக்கும், இல்லை கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். "கரகர" என்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்கலாம். அதற்கு மேல் அமுக்கிப் பார்க்காதீர்கள், கண்ணாடி கதவுக்குள் பொத்தென்று விழுந்துவிடும். கண்ணாடி அழுது அழுது ஏறுகிறது, கீச்சிடுகிறது, பாதியில் நின்று விடுகிறது என்றால் பெரும்பாலும் ரப்பர் சேனல்தான். பாதியில் நின்று, பத்து நிமிஷம் கழித்துத் தானாக வேலை செய்தால் பயப்பட வேண்டாம். மோட்டார் சூடானால் தானாகவே துண்டித்துக்கொள்ள உள்ளே ஒரு பாதுகாப்பு உண்டு, ஆறினதும் திரும்ப ஓடும். ஆனால் அடிக்கடி அப்படி ஆகிறதென்றால் எங்கோ இறுக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

சத்தமே இல்லை என்றால்? இதற்கு சாச்சா காட்டியது ஒரு அருமையான வித்தை. இஞ்சினை ஆஃப் செய்துவிட்டு, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, உள்ளே கூரை விளக்கைப் போடுங்கள். விளக்கைப் பார்த்துக்கொண்டே ஸ்விட்சை அமுக்குங்கள். விளக்கு லேசாக மங்கினால் மோட்டார் வரைக்கும் கரண்ட் போகிறது, மோட்டார்தான் சுற்ற முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கிறது. விளக்கு துளியும் அசையவில்லையா, பெரும்பாலும் கரண்ட் வழியிலேயே நின்றுவிட்டது. மீட்டரும் வேண்டாம், கதவைப் பிரிக்கவும் வேண்டாம். (புது எல்.இ.டி. கூரை விளக்கு சிலவற்றில் மங்குவது தெரியாது. அப்போது ஹெட்லைட்டைச் சுவரில் அடித்துப் பாருங்கள்.)

மோட்டார் சுற்றவே இல்லை என்றால், ஒருவர் ஸ்விட்சை அமுக்கிக்கொண்டிருக்க இன்னொருவர் கதவின் உள்பக்கம் கீழ்ப்பாதியில் கை முஷ்டியால் நாலு தட்டு தட்டலாம். மோட்டாரின் கார்பன் தேய்ந்திருந்தால் அதிர்ச்சியில் ஒரு முறை ஓடிவிடும். அந்த ஒரு முறையில் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய்விட வேண்டியதுதான். ரிப்பேர் ஆகிவிட்டது என்று நினைத்தால் நீங்கள்தான் பாவம்.

இப்போது வீட்டம்மாவின் கேள்வி. அவர் பக்கத்துக் கண்ணாடி அவருடைய ஸ்விட்சில் வேலை செய்தது. என் கதவில் இருக்கும் நாலு ஸ்விட்சில் எதுவுமே வேலை செய்யவில்லை. அவர் பக்கத்தையும் பின்னால் இரண்டையும்கூட என் பக்கத்திலிருந்து இயக்க முடியவில்லை. நாலு ஸ்விட்சும் ஒரே நேரத்தில் கெட்டுப் போகுமா? மோட்டார் போனால் மற்ற மூன்று ஏன் நிற்கணும்? ஆக, கோளாறு என் கண்ணாடியில் இல்லை, என் கதவுக்கு வரும் சப்ளையில். ஃப்யூஸ் பார்த்தார், நன்றாக இருந்தது. (பச்சை நிறம் என்றால் 30 ஆம்பியர். எரிந்திருந்தால் அதே நிறத்தில்தான் போடணும். பெரிய ஃப்யூஸ் போடுவதும், வெள்ளிக் காகிதம் சுற்றுவதும் வண்டியைக் கொளுத்துகிற வேலை.)

அதற்கப்புறம் சாச்சா என்னை ஸ்விட்சை அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கதவை மெதுவாகத் திறந்து மூடினார். மெதுவாக, தொட்டில் ஆட்டுகிற மாதிரி. முக்கால்வாசி திறந்த இடத்தில் கண்ணாடி ஓர் அங்குலம் துள்ளியது! கதவுக்கும் தூணுக்கும் நடுவில், கீல் பக்கத்தில், யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும், கவனித்திருப்பீர்கள். கதவுக்குப் போகும் அத்தனை வயரும் அதற்குள்தான். தினமும் பத்து தடவை கதவைத் திறந்தால் வருஷத்துக்கு மூவாயிரத்து ஐநூறு தடவைக்கு மேல் அந்த வயர் அதே இடத்தில் மடங்குகிறது. டிரைவர் கதவுதான் அதிகம் திறக்கப்படும், அதில்தான் வயரும் அதிகம். ரப்பரை உருவிப் பார்த்தால் மேல்தோல் பளபளவென்று இருந்தது, உள்ளே தாமிரம் மட்டும் முறிந்திருந்தது. அதனால்தான் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஒவ்வொரு வயராக லேசாக இழுத்துப் பார்க்கணும். முறிந்த வயர் ரப்பர் பேண்ட் மாதிரி நீளும்.

வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் மூன்று மாசத்தில் திரும்ப விட்டுப்போகும். அவர் கூடுதலாக ஒரு துண்டு வயர் சேர்த்து, மடங்கும் இடத்தைத் தாண்டி இரு பக்கமும் ஒட்டுப் போட்டு, ஈயம் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுக் கொடுத்தார். முக்கால் மணி நேரம், 350 ரூபாய். கூட ஒரு கட்டிங் சாய்.

உடனே "சர்வீஸ் சென்டரெல்லாம் கொள்ளை" என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். வாரன்டி இருக்கிற வண்டியில் வெளி ஆளை வயரை வெட்ட விடக்கூடாது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டிகளில் கதவுக்குள்ளேயே சென்சார் இருக்கலாம், தெரியாமல் கை வைத்தால் வம்பு. புது மாடல்களில் ஸ்விட்ச் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் அனுப்பாது, ஒரு கன்ட்ரோல் பெட்டிக்குச் செய்தி மட்டும்தான் அனுப்பும். அங்கே மேலே சொன்ன கணக்கெல்லாம் அப்படியே பொருந்தாது. ஆனால் கதவைத் திறக்காமலேயே மோட்டார் என்று சொன்னால், "விளக்கு மங்கலையே, அப்புறம் எப்படி மோட்டார்?" என்று ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது இல்லையா?

பழைய மாதிரி வயரிங்கில் இன்னொரு விசித்திரம் உண்டு. பின் கண்ணாடி கெட்டால் பின் கதவைத்தான் எல்லோரும் பிரிப்பார்கள். ஆனால் அந்த மோட்டாருக்குப் போகும் கரண்ட், எர்த் கிடைக்க டிரைவர் கதவின் ஸ்விட்ச் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் திரும்பும். டிரைவர் ஸ்விட்சுக்குள் செம்பு கறுத்திருந்தால் பின் கண்ணாடி நிற்கும். சேலத்துக் கரண்ட் ஈரோடு போய்த் திரும்பி வருகிற மாதிரி! அதனால் எப்போதும் இரண்டு ஸ்விட்சிலும் அமுக்கிப் பார்க்கணும். டிரைவர் பக்கத்திலிருந்து வேலை செய்து, தன் ஸ்விட்சில் செய்யவில்லை என்றால் தன் ஸ்விட்ச் கெட்டிருக்கும். அல்லது, வாண்டுகள் உள்ள வீடு என்றால், யாரோ லாக் பட்டனை அமுக்கியிருக்கும். அதை முதலில் பாருங்கள். அதற்குப் போய் யாரும் காசு கொடுக்க வேண்டாம் :-)

மழை கொட்டுகிறது, கடை மூடியாச்சு, கண்ணாடி ஏறவில்லை, என்ன செய்வது? இரண்டு பேர் இருந்தால், ஒருவர் ஸ்விட்சை மேல்பக்கம் அமுக்க, இன்னொருவர் கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் இரு உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்து மேலே தள்ளலாம். விரல் நுனி மேல் விளிம்பில் இருக்கக்கூடாது. ரப்பர் இறுக்கம் என்றால் இதிலேயே ஏறிவிடும். வடம் அறுந்த கேஸ் என்றால் கையாலேயே ஏறும், ஆனால் நிற்காது. பழைய ரப்பர் செருப்பை ஆப்பு மாதிரி வெட்டி, கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் உள்பக்கம் செருகினால் இரவு தாங்கும். எதுவுமே ஏறவில்லை என்றால் பெரிய பிளாஸ்டிக் கவரைக் கதவின் மேல்விளிம்புக்கு மேலாகப் போட்டு, உள்ளேயும் வெளியேயும் தொங்கவிட்டு, கதவை மூடிவிடுங்கள். வெறும் டேப் ஈரத்தில் ஒட்டாது.

ரப்பர் சேனலுக்கு சிலிகான் ஸ்ப்ரே. ஈரத்துணியால் பள்ளத்தைத் துடைத்து, காயவிட்டு, அப்புறம் அடிக்கணும். நம்மாட்கள் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய் தேடுவோம், தலைக்குத் தேய்ப்பது போல இங்கேயும் தேய்ப்போம். எண்ணெயில் தூசி ஒட்டும், ரப்பர் உப்பும், அடுத்த வருஷம் இன்னும் இறுகும். கிரீஸும் அப்படியே. கண்ணாடி மேலே போய் முட்டிவிட்டுத் தானாக இறங்குகிறது என்றாலும் பேயில்லை. குழந்தை விரல் மாட்டினால் திரும்பி இறங்குகிற வசதி உள்ள வண்டிகளில், ரப்பர் இறுக்கத்தையே விரல் என்று நினைத்துக்கொள்ளும். பேட்டரி கழற்றி மாட்டிய பிறகும் சில வண்டிகளில் இப்படி ஆகும். முழுக்க மேலே ஏற்றி ஸ்விட்சைச் சில நொடிகள் விடாமல் பிடித்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வண்டிக்கு வண்டி முறை மாறும், கையேட்டில் இருக்கும்.

கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன, பார்த்திருக்கிறீர்களா? மழைநீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்குவது சகஜம், அந்த ஓட்டை வழியே வெளியேறிவிடும். அவை அடைத்தால் கதவை ஆட்டும்போது உள்ளே இளநீர் மாதிரி சளக் சளக் என்று கேட்கும். மோட்டாருக்கு அது ஆகாது. பல் குத்தும் குச்சி போதும், குத்தி விடுங்கள். யாராவது டோர் பேடைக் கழற்றினால், உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒழுங்காக ஒட்டினார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். கிழித்து எறிந்துவிட்டு மூடுகிறவர்கள் உண்டு. அப்புறம் கால்மிதி ஏன் ஈரமாகிறது என்று ஆறு மாசம் தேடுவோம்.

இத்தனையும் ஏறாத கண்ணாடி. யாரும் தள்ளிப் போடமாட்டோம், நனைகிறதே. நான் உண்மையில் பயப்படுவது இறங்காத கண்ணாடிக்கு.

இரண்டு வருஷம் கழித்து எங்கள் வண்டியில் இடது பின் கண்ணாடி மூடிய நிலையிலேயே நின்றுவிட்டது. இன்னொரு சர்வீஸ் சென்டரில் காட்டினால், "ஏ.சி. வண்டிதானே சார், பின் கண்ணாடியை யார் இறக்குறாங்க, மழை முடியட்டும்" என்றார்கள். எங்கள் குடியிருப்பிலும் அதே ஆலோசனைதான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் உட்காருவது சின்னவள். பின் கதவில் சைல்டு லாக் போட்டிருக்கிறோம், உள்ளிருந்து திறக்காது. கதவும் திறக்காது, கண்ணாடியும் இறங்காது என்றால் அந்தப் பக்கம் வெறும் சுவர்தானே?

2005 ஜூலை 26 அன்று பம்பாயில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. காருக்குள்ளேயே இருந்தால் பாதுகாப்பு என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்த சிலர், கதவையும் கண்ணாடியையும் திறக்க முடியாமல் உள்ளேயே மூச்சு முட்டி இறந்தார்கள். அது ஏதோ ஒரு வருஷத்து அதிசயம் என்றும் தள்ளிவிட முடியாது. 2023 மே 21 அன்று பெங்களூர் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கார் முழுகி, ஐ.டி. வேலைக்காக அந்த ஊருக்கு வந்திருந்த ஓர் இளம்பெண் இறந்தார். 2024 செப்டம்பரில் ஃபரிதாபாத் ரயில்வே சுரங்கப்பாதையில் வங்கி ஊழியர்கள் இருவர். நம்மைப் போல வேலை, வீடு என்று போய் வருகிறவர்கள்தான்.

தண்ணீர் வெளியே ஏறும்போது கதவை அது அழுத்திப் பிடித்துக்கொள்ளும், உள்ளிருந்து எவ்வளவு பலசாலி தள்ளினாலும் அசையாது. ஆனால் தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு வரும் முன் கண்ணாடி இறங்கும். மோட்டார் நனைந்த உடனே செத்துப் போவதில்லை, கொஞ்ச நேரம் ஓடும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்குக் கிடைப்பது. அதனால் போன் எடுத்து யாரையும் கூப்பிடாமல் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி, குழந்தைகளை முதலில் வெளியே அனுப்பி, நாமும் ஏறி வெளியேற வேண்டும். கண்ணாடி இறங்கவில்லை என்றால் உடைக்கணும். முன் கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்ட், கூர்மையான முனையால் ஓரத்தில், மூலைக்குப் பக்கமாக அடித்தால் பொலபொலவென்று உதிரும். நடுவில் அடித்தால் கைதான் வலிக்கும். சில புது வண்டிகளில் பக்கக் கண்ணாடியும் ஒட்டிய வகைதான், மூலையில் அச்சடித்திருப்பதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் தலைசாய்ப்புக் கம்பியை உருவி உடைக்கலாம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறது. செய்யலாம்தான். ஆனால் இடுப்பளவு தண்ணீரில், இருட்டில், அதை உருவிக்கொண்டிருக்க நான் தயாராக இல்லை. முனை கூரான சின்ன சுத்தியல் ஒன்று, பெல்ட் வெட்டும் கத்தியோடு, இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

சின்னவள் பக்கத்துக் கண்ணாடியை அந்த சனிக்கிழமையே சாச்சாவிடம் கொண்டு போனேன். விளக்கு மங்கவில்லை, கதவை ஆட்டினால் துள்ளவில்லை. டிரைவர் கதவு ஸ்விட்சைக் கழற்றினார். உள்ளே செம்புத் தகடு கறுத்து, ஓரம் பச்சை பூத்திருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டினார், இறங்கியது. "இது ரெண்டு வருஷம் வரும், அப்புறம் ஸ்விட்சை மாத்திடுங்க" என்றார். மாற்றியும் விட்டேன்.

இப்போதெல்லாம் மே கடைசி ஞாயிறு ஊரிலிருந்து திரும்பினதும் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. கோலாப்பூர், புனே புழுதி எல்லாம் கழுவின பிறகு, நாலு கண்ணாடியையும் இரண்டு இரண்டு ஸ்விட்சிலும் முழுக்க இறக்கி ஏற்றுவோம். ஸ்விட்ச் அமுக்குவது குழந்தைகள் வேலை. சுத்தியல் முன்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. டிக்கியில் வைத்துப் பிரயோஜனமில்லை, வீட்டம்மா உட்பட எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிந்திருக்கணும். பெரியவன் நாலு நொடியில் எடுக்கிறான். சின்னவளுக்கு இன்னும் பெல்ட்டைக் கழற்றத்தான் நேரம் ஆகிறது, அவளோடு இன்னும் கொஞ்சம் பழக வேண்டும்.